வால் இல்லாத விமானம்

"நைல் நதியையே அஸ்வான்ல அணை கட்டி நிறுத்திட்டாங்க. எடுத்த வேலையோட நடுவுல என்னை நிறுத்தறதுக்கு இன்னும் ஒருத்தன் பொறக்கல."

சர்க்கரை ஆலையின் கரும்பு எடைமேடைமேல் ஏறி நின்று, கையை வானத்துக்கு உயர்த்தி ஃபிக்ரி இப்படிச் சொன்னபோது நாங்கள் கைதட்டினோம். கூஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் பெருமை பேச நைலைத் தவிர வேறு பொருள் கிடையாது. அந்த நைலையே ஒருவர் முந்திவிட்டார் என்றால் கைதட்டாமல் என்ன செய்வது? ஒரு நோய் தன்னைத்தானே அறிமுகம் செய்துகொண்ட பேச்சு அது என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபின் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியில்லை.

ஃபிக்ரி அந்த ஆலையில் எடைக்காரர். கரும்பு வண்டி மேடையில் ஏறும், முள் ஆடி நிற்கும், அவர் எடையைச் சொல்வார். சொன்ன வாய் மூடுவதற்குள் ஐயம் வந்துவிடும். முள் தானாக நின்றதா, நாம் அவசரப்பட்டு நின்றதாக நினைத்தோமா? வண்டியை இறக்கி மறுபடி ஏற்றச் சொல்வார். இரண்டாம் தடவை கழுதை காதை ஆட்டியிருக்கும். காதின் எடை கணக்கில் சேர்ந்ததா? மறுபடி இறக்கு. வரிசை கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் பேரீச்சந்தோப்புக்குள் போய்விடும். வந்தபோது கரும்பாக இருந்த சரக்கு எடை முடிந்தபோது துடைப்பமாக இருந்தது என்று விவசாயிகள் குறைப்பட்டார்கள். பொறியாளர் வந்து, போதும், இந்த வண்டியை விட்டுவிடு என்று கெஞ்சியதற்குத்தான் மேலே சொன்ன வீர உரை. அடுத்த நாளே அவரை நீண்ட விடுப்பில் அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் எடைமேடை இல்லை. ஆனால் எரிவாயு உருளை இருந்தது, கதவுத் தாழ்ப்பாள் இருந்தது, கழுவுவதற்கு இரண்டு கைகள் இருந்தன. பள்ளிவாசல் குழாயடியில் ஃபிக்ரி தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூச் செய்ய உட்கார்ந்தால் அவருக்குப் பின்னால் நிற்பவர்களின் தொழுகை அடுத்த வேளைக்குத் தள்ளிப்போகும். கையைக் கழுவுவார், கழுவியதை ஐயுறுவார், ஐயத்தைக் கழுவுவார். வஸ்வாஸ், அதாவது ஓயாத மன ஊசலாட்டம், என்று ஊர் இதற்குப் பெயர் வைத்தது. பெயர் வைத்ததும் பாதி குணமாகிவிட்டதாக ஊர் நினைத்துக்கொண்டது.

சிரிக்க முடியாத பக்கம் ஒன்றும் இருந்தது. அதைப் பார்த்தவள் அவருடைய அக்கா ஸனிய்யா மட்டும்தான். புருஷன் போனபின் தம்பியோடு வந்து தங்கியவள். கட்டில் விளிம்பில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்துகொண்டு தம்பி கேட்பார்: "அக்கா, நான் யாருக்காச்சும் கெடுதல் பண்ணிட்டேனா?" இல்லை என்பாள். அந்தப் பதில் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் தாங்கும். பிறகு மறுபடி அதே கேள்வி. ஒருநாள் அவள் குரலே போய், தலையை மட்டும் ஆட்டினாள். தலை சரியாக ஆடியதா என்று அதற்கும் ஒரு கேள்வி வந்தது.

வைத்தியம் சொல்ல ஊர் தயங்கவில்லை. கண்ணேறு என்றார்கள் சிலர். கல்யாணமாகாததுதான் காரணம் என்றார்கள், கல்யாணமாகிக் கெட்டுப்போனவர்கள். பள்ளிவாசல் ஷேக் பத்ரான் ஓதிய தண்ணீர் கொடுத்தார். ஓதியது முழுதாக ஓதப்பட்டதா என்று ஃபிக்ரி கேட்டதும் மனம் வருந்தினார். கடைசியில் ஸனிய்யா தம்பியைக் கெனாவிலுள்ள மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் கொடுத்த மாத்திரை பாதி வேலையைச் செய்தது. ஃபிக்ரிக்குப் பாதி வேலை என்றாலே ஆகாது.

அப்படியிருக்கையில்தான் எதிர் வீட்டுக் கிழவர் ஹஜ்ஜுக்குப் போனார். ஹாஜி திரும்பி வருவதற்குள் வீட்டு முன்சுவரில் பயணத்தை வரைந்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்: நடுவில் மக்காவின் கஅபா, மேலே விமானம், கீழே கப்பல், இடம் மிச்சமிருந்தால் ஒரு ஒட்டகம், அதற்கும் மேல் மிச்சமிருந்தால் சிங்கம். சிங்கம் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கூஸிலிருந்து வந்த ஓவியர் கப்பலின் முன்பாதியை வரைந்த நிலையில் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டு போய்விட்டார். அரைக் கப்பல் ஃபிக்ரியின் சன்னலுக்கு நேர் எதிரே கடலில் நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு மனிதர் எத்தனை நாள் இருப்பார்? விடிந்ததும் போய் ஏணியில் ஏறினார். சாய டப்பாக்கள் அங்கேயே இருந்தன. ஸனிய்யா பயந்துபோய் அடுப்படியிலிருந்து பார்த்தாள். கப்பலின் பின்பாதி மெதுவாக வந்தது. பிறகு புகைபோக்கி, பிறகு அலை. அலை வரையும்போது தூரிகை போகிற வேகத்துக்கு மூச்சும் இறங்கி வந்ததாக அவர் பின்னால் சொன்னார். நீலம் சுவரில் உறிஞ்சப்படும்வரை கை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கேள்வி எதுவும் உள்ளே வரவில்லை. மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். உருளையை மூடினாயா என்று கேட்கவில்லை. ஸனிய்யா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அன்று முதல் அவளுக்கு ஒரே கவலை, சுவர். ஹஜ் ஆண்டுக்கு ஒருமுறை. அதற்கும் அரசாங்கம் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. எங்கள் ஊருக்கு விழுகிற சீட்டு மூன்றோ நாலோ. எந்த மாதத்திலும் போகக்கூடிய சிறு யாத்திரையான உம்ரா போனவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டினாள். போக நினைத்தவர்களை நினைவுபடுத்தினாள். நினைக்காதவர்களிடம், "உங்களுக்கு வயசாயிட்டே போகுது, போய்ட்டு வந்துடுங்களேன், சுவரும் நல்லா அகலமா இருக்கு" என்று அன்பாகப் பேசினாள். தொழுகையை நெருங்காத இரண்டு பேர் அவள் தொல்லை தாங்காமல் சீட்டுக்குப் பெயர் கொடுத்ததாகக் கேள்வி. மார்க்கத்துக்கு எங்கள் ஊரில் இவ்வளவு சேவை செய்த பெண் வேறு இல்லை.

அடுத்த ஹஜ் மாதத்தில் வெங்காய மண்டி மவ்ஜூத் ஊரில் காணப்படவில்லை. தன் தராசைத் தவிர எதையும் நம்பாத மனிதர். கெனா பேருந்து நிலையத்தில் அவர் ஸஃபாகா பேருந்தில் ஏறியதைப் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். ஸஃபாகா துறைமுகத்திலிருந்துதான் ஹாஜிகளின் கப்பல் புறப்படும். தோளில் இரண்டு பெரிய வெள்ளைத் துண்டு இருந்ததா என்று ஊர் கேட்டது. இருந்தது என்றார். இரண்டு வெள்ளைத் துண்டு, ஸஃபாகா பேருந்து, ஹஜ் மாதம். ஹாஜிகள் உடுத்தும் இஹ்ராம் உடுப்புக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? விளம்பரமில்லாமல் புறப்பட்ட அவருடைய அடக்கத்தை நினைத்து நாங்கள் கண்கலங்கினோம். எதையும் ஐயுறும் ஃபிக்ரி வாழ்க்கையில் ஐயுறாத ஒரே செய்தி அதுதான். சுவர் கிடைத்ததல்லவா.

மவ்ஜூதின் மனைவி, வெங்காய விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டுப் போன புருஷன் உண்மையில் ஹஜ்ஜுக்குப் போயிருக்கிறார் என்று அறிந்து உருகிப்போய், ஏணியை அவளே பிடித்துக்கொண்டாள். ஃபிக்ரி அதுவரை வரைந்ததிலேயே அழகான சுவர் அது. கஅபாவின் கறுப்புத் துணியில் தங்கப் பட்டை வெயிலில் மின்னும். அதைச் சுற்றி இறைவசனம். போனது கப்பலில் என்றாலும் வழக்கப்படி மேலே சிவப்பு வால் வைத்த வெள்ளை விமானம், சன்னலுக்குச் சன்னல் ஒரு முகம். இரண்டு சிங்கம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மவ்ஜூத் திரும்பி வந்தார். மூக்கும் தோளும் தோல் உரிந்து சிவந்திருந்தன. தெருப் பிள்ளைகள் "ஹாஜியார் வந்துட்டார்" என்று ஓடிவர, பெரியவர்கள் அவருடைய உரிந்த தோளைப் புனித பூமியின் வெயில் பட்ட இடமென்று முத்தமிட, ஒரு கிழவி மக்காவின் ஜம்ஜம் தண்ணீர் கேட்டுச் சொம்பை நீட்ட, மனிதர் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஷேக் பத்ரான்தான் தாடியைத் தடவிக்கொண்டு மெல்லச் சொன்னார்: ஹாஜிகள் அரஃபாத் மைதானத்தில் நிற்க வேண்டிய நாளே இன்னும் வரவில்லையே.

போவதற்கு முன்பே திரும்பி வந்த ஹாஜி எங்கள் மாகாணத்திலேயே இவர் ஒருவர்தான்.

மறுநாள் ஊர்ச் சபை கூடியது. எங்கள் பக்கம் கொலை முதல் கோழி வரை இப்படி உட்கார்ந்துதான் தீர்ப்போம். கம்பளம் விரித்து, கரும் தேநீர் ஊற்றி, ஷேக்கை நடுவில் உட்காரவைத்தோம். பெண்கள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்கள். அதாவது தெளிவாகக் கேட்டார்கள். மவ்ஜூத் எழுந்து, இந்தப் பைத்தியக்காரன் தன் மானத்தை வாங்கிவிட்டதாகவும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டுமென்றும், தூரிகையை ஒடித்துக் கால்வாயில் போட வேண்டுமென்றும் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மவ்ஜூத்," என்றார் ஷேக். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

"வெங்காய விஷயமா."

"வெங்காயத்துக்குத் துண்டு எதுக்கு?"

"வேர்க்கும்ல?"

"ரெண்டு துண்டா வேர்க்கும்?"

சுவருக்கு அப்பாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "பையில குட்டை நிஜார் ஒண்ணு இருந்துச்சு ஷேக். மீன் படம் போட்டது. வெங்காயம் இப்ப கடலுக்குள்ளயா விளையுது?"

ஸஃபாகா சாலையிலேயே இன்னும் கொஞ்சம் போனால் உல்லாசப் பயணிகளின் ஊரான ஹுர்கதா. மைத்துனரோடு கடற்கரை விடுதியில் படுத்திருந்திருக்கிறார். சபை இதைப் பெருந்தன்மையோடு விட்டுவிட்டது. பெருந்தன்மைக்குப் பிறகு ஒரு மாதம் வேறு எதையும் பேசவில்லை.

சுண்ணாம்பு அடிப்பதில்தான் சிக்கல் வந்தது. கஅபாவின் மேல் யார் கை சுண்ணாம்பு அடிக்கும்? மவ்ஜூதிடமே சுண்ணாம்பு மட்டையைக் கொடுத்தோம், அவர் அதைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அழித்தால் பாவம், வைத்தால் பொய். ஷேக் தேநீரை மூன்று மடக்காகக் குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். கஅபா புனிதம், வசனம் புனிதம், சிங்கத்தைப் பற்றி மார்க்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விமானத்துக்குப் புனிதம் எதுவும் கிடையாது. எனவே விமானத்தின் வாலை மட்டும் அழித்துவிட வேண்டும். வால் இல்லாத விமானம் பறக்காது. பறக்காத விமானத்தில் மவ்ஜூத் போனதாக எவரும் சொல்ல முடியாது. அவர் உண்மையாகவே ஹஜ் செய்யும் நாளில் வால் வரையப்படும். அதற்கு முன்னால் அந்த வால் முளைத்தால், தூரிகை கால்வாய்க்குப் போகும்.

நாங்கள் வியந்து தலையாட்டினோம். ஃபிக்ரி மட்டும் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார். வேறு எந்தத் தண்டனையையும் தாங்கியிருப்பார். தினம் பார்க்கிற மாதிரி ஒரு வேலையைப் பாதியில் நிறுத்திவைப்பதா? வாலை அழித்த அன்று ஸனிய்யா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. மவ்ஜூதின் தெருவைத் தவிர்க்க வயலைச் சுற்றிக்கொண்டு போனார். வயலைச் சுற்றினாலும் வால் கூடவே வந்தது. எரிவாயு உருளை திரும்ப வந்தது, தாழ்ப்பாள் வந்தது, கட்டில் விளிம்புக் கேள்வியும் வந்தது. தூரிகையைத் துணியில் சுற்றி அக்காவிடம் கொடுத்து, ஒளித்துவை என்றார். ஒளித்த இடம் பத்திரமா என்று பார்க்க, எங்கே ஒளித்தாய் என்று கேட்டார். ஸனிய்யாவால் தாங்க முடியவில்லை. மறுபடி கெனாவுக்குக் கூட்டிப்போய், மருத்துவரிடம் ஊர்த் தீர்ப்பை ஒன்றுவிடாமல் சொல்லி, இந்தக் கொடுமையை நிறுத்த ஒரு சான்றிதழ் எழுதிக்கொடுங்கள் என்றாள்.

மருத்துவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். முடிக்கத் துடிக்கிற வேலையை முடிக்காமல் விட்டு, அந்தத் துடிப்போடு உட்கார்ந்து பழக வேண்டும், அதுதான் இந்த நோய்க்கு வைத்தியமே என்றார். தான் சொல்லிக்கொடுக்க ஒரு வருஷத்துக்கு மேலாக வழி தேடியதை ஊர்ச் சபை கம்பளத்தில் உட்கார்ந்து செய்துவிட்டது என்றார். பிறகு ஃபிக்ரியிடம் சொன்னார்: மாத்திரையை நிறுத்தாதே, வாலைத் தொடாதே, ஆனால் தினமும் போய்ப் பார். பார்த்துவிட்டு வேறு எங்காவது போய் வரை.

இதைக் கேள்விப்பட்ட ஷேக் பத்ரான், அது தற்செயலில்லை என்றும், நோயின் வேரைக் கண்டுதான் தீர்ப்புச் சொன்னதாகவும் தெரிவித்தார். அன்றிலிருந்து எதைப் பாதியில் விடலாம் என்று ஆலோசனை வழங்கத் தொடங்கினார். சண்டை போட்டு வந்த தம்பதியைச் சண்டையின் நடுவில் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். கிணறு வெட்டியவரைத் தண்ணீருக்கு முன்னால் நிறுத்தினார். ஊரில் சிலகாலம் எதுவுமே முடியவில்லை.

ஃபிக்ரி தினமும் அந்தச் சுவருக்கு எதிரே போய் நின்றார். முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வியர்க்கும். மவ்ஜூத் மண்டியிலிருந்து முறைப்பார். நின்று முடித்ததும் நேரே ஏதாவது ஒரு சுவருக்குப் போவார். ஊர் இப்போது சுவர் கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அவர் வரைந்தால்தான், ஆலைக்குத் திரும்பிய பிறகு கரும்பு எடை சீக்கிரம் முடியும் என்று விவசாயிகளுக்குப் புரிந்துவிட்டது. புறாக் கோபுரத்துக்குக் கடல் வந்தது. ரொட்டிச் சூளைக்குப் பனித்துளி படிந்த திராட்சைக் கொடி வந்தது. கடல் அவர் கையிலிருந்து வருவதைப் பார்த்துக்கொண்டு வேலையற்றவர்கள் உட்கார்ந்திருப்போம். எங்களுக்கும் வாய் ஓய்ந்துவிடும். எங்கள் வாயை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சாதனை என்று தெரியும். ஆலை அவரைத் திரும்பக் கூப்பிட்டது. வண்டிகள் ஒருதடவை ஏறி ஒருதடவை இறங்கின. எப்போதாவது கழுதை காதை ஆட்டினால் அவர் கண்ணை மூடி, விரலால் காற்றில் ஓர் அலையை வரைந்துவிட்டு, "போ" என்பார்.

மவ்ஜூத்துக்குத்தான் நிம்மதி போய்விட்டது. சந்தைக்குப் போனால், "ஹாஜியார், வால் வந்துச்சா?" வெங்காயம் வாங்க வந்தவன், "முழு மூட்டையா இருக்கட்டும், வால் இல்லாம குடுத்துடாதீங்க." ஹஜ் குலுக்கலில் பெயர் கொடுத்தார். விழவில்லை. மறுவருஷமும் விழவில்லை. மூன்றாம் தடவை விழுந்தது. இம்முறை ஊரே லுக்ஸர் விமான நிலையம் வரை போய், அவர் விமானத்துக்குள் நுழைவதையும், விமானத்துக்கு வால் இருப்பதையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தது.

அவர் திரும்புகிற நாளில் காலையிலேயே ஏணி சாத்தப்பட்டது. சாயங்காலம் ஹாஜி வந்துவிடுவார். மவ்ஜூதின் மனைவி புது சிவப்புச் சாயம் வாங்கிவைத்திருந்தாள். ஷேக் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிவைத்தார். இத்தனை வருஷத் துடிப்பு இன்று தீரப்போகிறது என்று நாங்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுத் தெருவில் உட்கார்ந்துகொண்டோம். ஃபிக்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஸனிய்யா கொஞ்சநேரம் நின்றாள்; பிறகு அடுப்பில் அவரைக்கொட்டை வேகிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவர் அவசரப்படவில்லை. வாலின் அடிப்பாகம் வந்தது. சாய்ந்த கோடு வந்தது. சிவப்பை நிரப்பிக்கொண்டே மேலே போனார். வெயில் உச்சிக்கு வந்தபோது வாலின் மேல்முனையில் உள்ளங்கை அளவு வெள்ளை மிச்சமிருந்தது. இன்னும் நாலைந்து இழுப்பு. நாங்கள் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கிவைத்திருந்தோம்.

ஃபிக்ரி சற்றுப் பின்னால் சாய்ந்து பார்த்தார். வயிற்றைத் தடவிக்கொண்டார். பிறகு ஏணியிலிருந்து இறங்கி, தூரிகையை மண்ணெண்ணெயில் அலசத் தொடங்கினார். ஒருதடவைதான் அலசினார்.

"தம்பி, மேல கொஞ்சம் இருக்கேப்பா," என்றாள் மவ்ஜூதின் மனைவி. "அவர் சாயங்காலம் வந்துடுவாரே."

"வரட்டும்மா. வாலைப் பார்த்துட்டா விமானம் ஏறினாரு?" என்றார் ஃபிக்ரி. "எனக்குப் பசிக்குது."

தெரு முழுக்கத் தூக்கின கையோடு உட்கார்ந்திருந்தது. அவர் எங்களைத் தாண்டி நடந்துபோனார். திரும்பிப் பார்ப்பார் என்று முக்கு வரை பார்த்தோம்.

வீட்டில் ஸனிய்யா மாவை வெயிலில் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டியும் அவரைக் கூட்டும் எடுத்து வைத்தாள். முடித்துவிட்டாயா என்று கேட்டாள். கொஞ்சம் பாக்கி என்றார். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே, தம்பி எழுந்துவிடுவாரா என்று பார்த்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக் கூட்டில் தோய்த்துச் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டார், பிறகு சன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்து, மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை தூங்கினார்.